தூக்கி ஏத்துற உசுரு

மேல்லயம்
4.2.1979

தங்கச்சி பொன்னுமணிக்கு அண்ணன் திருப்பதி எழுதுறது. நானும் உன் மதினி அய்யம்மாளும் சொகம். அங்க ராசிங்காபுரத்துல நீயும் மாப்ளை காசிராஜனும் உன் மாமியாளும் கொழுந்தன் முனியசாமியும் சொகந்தானா? அய்யா சொகம்னு எழுத மட்டும் கை வரமாட்டேங்குது.

மாப்ளைக்குத் தாடை சேர்ந்துருச்சா? ராக்குக் கெழவி அவரு ஜீப்புல இருமிக்கிட்டே உசுரை விட்டதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? வளைவுல தூக்கிப்போட்டுக் கொன்னுட்டான்னு சொல்லி, அவ மகனுக வண்டியைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுற ஹேண்டில் கம்பியாலேயே அவரை அடிச்சானுகளாமே. திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போயி வருசக்கணக்கா ஆத்தா மூஞ்சியைப் பார்க்காத பயலுகளுக்குப் பொணத்தைப் பார்த்ததும் பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நான் கீழ இருந்திருந்தா ஒருத்தன் கையாவது ஒடிஞ்சிருக்கும்.

இங்க ஏலத் தோட்டத்து லயத்து வரிசையில அடுப்புப் புகையுற வீடெல்லாம் கெழடுகட்டைகதான். ஏலக்கா எடுத்து எடுத்து முதுகு கூனுனதுக. புள்ளைக பூராவும் கீழ எறங்கிருச்சு. இளவட்டம்னு சொல்ல நானும் உன் மதினியும்தான். எனக்கே தலை நரைச்சுப்போச்சு.

அய்யாவுக்கு மூத்திரம் போக வச்ச ரப்பர் டியூபை மாசம் ஒருக்கா போடி ஆஸ்பத்திரியில மாத்தணும்னு உனக்கே தெரியும். தை மாசம் மாத்தவே இல்ல. ஜீப்பு வருது, டிரைவரு அய்யாவைப் பார்க்குறான், தூக்கி ஏத்துற ஆளு வேண்டாம்னு போயிட்டே இருக்கான். கேட்டா கருப்பன் கோயில்ல சத்தியம்ங்கிறான். இது என்ன கூத்து? மாப்ளைகிட்ட கேட்டு வெரசா எழுது.

அண்ணன்
திருப்பதி


ராசிங்காபுரம்
13.2.1979

என் கூடப்பொறந்த அண்ணனுக்கு பொன்னுமணி கும்பிட்டு எழுதுறது. இங்க எல்லாரும் சொகம்னுதான் சொல்லணும். உங்க மாப்ளைக்குத் தாடை கூடிருச்சு. முன் பல்லு நாலும் போச்சு. கஞ்சியைத் தவிர எதுவும் எறங்கல. ராத்திரியில திடுக்குனு எந்திரிச்சு அடிக்காதீகன்னு கத்துறாக.

நீ கேட்டது நெசந்தான். அவுக அடிபட்டதும் ஸ்டாண்டுல உள்ள டிரைவருக எல்லாரும் வண்டியை நிப்பாட்டிட்டாக. கெழடுகளை ஏத்தி வழியில செத்தா அடியும் வாங்கணும், ஸ்டேசன்லயும் நிக்கணும், பொணம் போன வண்டின்னு நாலு நாளைக்குச் சவாரியும் வராதுன்னு பேசியிருக்காக. அப்புறம் மலையடிவாரத்துக் கருப்பன் முன்னாடி ஒவ்வொருத்தரா கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருக்காக. தன் காலால தானா ஏறுற உசுரைத்தான் ஏத்துவோம், தூக்கி ஏத்துற உசுரை மனசறிஞ்சு ஏத்த மாட்டோம், ஏத்துனா எங்க வீட்டுல ஒரு உசுரு போகட்டும். இதுதான் சத்தியம். மொதல்ல அணைச்சது உங்க மாப்ளைதான்.

என்னைப் பெத்த அப்பன் அங்க கெடக்குறாரேன்னு அழுதேன். கருப்பன் விளையாட்டுச் சாமி இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாக. கோவிச்சுக்கிட்டு என்ன செய்ய? ஜீப்புப் படி என்ன, ஒன்றரை அடி இருக்குமா? அய்யாவைத் தெனமும் கொஞ்சம் ஏறி எறங்கிப் பழகச் சொல்லு. ஒருக்கா தானா ஏறிட்டார்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மதினியைக் கேட்டதாச் சொல்லு.

தங்கச்சி
பொன்னுமணி


மேல்லயம்
3.3.1979

தங்கச்சிக்கு. இங்க சொகமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. உன் ஒடம்பைப் பார்த்துக்க.

நீ சொன்னபடி அய்யாவை ஏலக்கா ஸ்டோர் படியில ஏறிப் பழக வச்சேன். அதைப் பார்த்துட்டு லயத்துல உள்ள கெழடு பூராவும் வந்துருச்சு. காலையில கஞ்சி குடிச்சதும் வரிசையா நின்னு ஏறுதுக, எறங்குதுக. மொக்கம்மாக் கெழவி சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு, அடுத்த மாசம் டிரைவர் மடியிலேயே ஏறி உக்காருவேன்னு சொல்லிச் சிரிக்கிறா.

செவ்வாய்க்கெழமை ஜீப்பு வந்துச்சு. டிரைவரு எறங்கி, கையைக் கட்டிக்கிட்டு நின்னான், மாட்டுச் சந்தையில பல்லைப் பார்க்குறவன் மாதிரி. அய்யா ஒரு காலை வச்சுட்டாரு. கம்பியையும் புடிச்சுட்டாரு. இன்னொரு கால் எந்திரிக்கல. நான் அடியில கையைக் குடுக்கப் போனேன், அந்தப் பய என் கையைத் தட்டிவிட்டான். அய்யா மல்லாக்க விழுந்துட்டாரு. வேட்டி விலகி டியூபு தெரிய அத்தனை பேரு முன்னாடி கெடந்தாரு. வண்டிக்குள்ள ஒருத்தன் சிரிச்சான்.

யாரு சிரிச்சான்னு நான் பார்க்கல. டிரைவரு சட்டையைப் புடிச்சு பானட்டுலயே ரெண்டு மோது மோதுனேன். மூக்கு ஒடைஞ்சு ரத்தம் கொட்டுச்சு. அதுல இருந்து லயத்துக்கு வண்டி வர்றதே கொறைஞ்சு போச்சு.

பஸ்சு ரோட்டுக்கு மூணு மைலு. முதுகுல போட்டு சுமந்துக்கிட்டுப் போனேன். பாதி வழியில டியூபு இழுபட்டு என் இடுப்பு பூராவும் அய்யா ரத்தம். திரும்பிட்டேன். கம்பளியில தூளி கட்டித் தூக்கணும்னா நாலு தோளு வேணும். லயத்துல இருக்குறது என் தோளு ஒண்ணுதான். இப்ப மூத்திரம் சொட்டுச் சொட்டாத்தான் வருது, அதுவும் ரத்தமா வருது. கத்துறாரு பொன்னுமணி. ஒரு காலத்துல மலை முழுக்க இவரு சத்தம் கேட்டா ஆளுக சோலி பார்க்கும். இப்ப புள்ளை மாதிரி கத்துறாரு.

உன் புருசன்கிட்ட சொல்லு. அவரு வண்டி இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா, அவரு எந்த மலைக்குமே ஏற முடியாது. தங்கச்சி புருசன்னு பார்க்க மாட்டேன்.

திருப்பதி


ராசிங்காபுரம்
11.3.1979

அண்ணனுக்கு. நான் சொகம். அய்யா எப்படி இருக்காரு? உன் கடுதாசியைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

அதை அவுகளுக்குப் படிச்சுக் காட்டுனேன். கடைசி வரியை விட்டுட்டுப் படிச்சிருக்கலாம், படிச்சுட்டேன். மாட்டுக்குக் கட்டுற வாரை எடுத்து விளாசிட்டாக. நானும் விடல, கையில கெடைச்ச உழக்கை எறிஞ்சேன், நெத்தியில பட்டுச்சு. மாமியா வந்து ரெண்டு பேரையும் பிரிச்சுவிட்டா. எங்க அய்யா அங்க சாகுறாரு, நீங்க சாமியைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு கத்துனேன்.

மறுநா அவுகளே வந்து உக்காந்தாக. ஒரு வழி இருக்குன்னு சொன்னாக. சத்தியத்துல மனசறிஞ்சுன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல? நாமா ஏத்துனாத்தான் சத்தியம் புடிக்கும். எவனாவது கழுத்துல அருவாளை வச்சு ஏத்த வச்சா அது கருப்பன் கணக்குல வராது, ஸ்டாண்டுலயும் யாரும் கேக்க முடியாதுன்னாக. முதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஆனா அவுக சிரிக்கல. ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் சொல்லியிருக்காக.

வர்ற இருபத்தி ஒண்ணாந்தேதி அவுக மேல இருந்து லோடோட எறங்குவாக. ஸ்டோருக்குக் கீழ உள்ள வளைவுல அய்யாவை உக்கார வச்சுக்க. வண்டிக்குள்ள பத்துப் பேரு பார்க்கணும். நீ மறிச்சு, அருவாளைக் கழுத்துல வச்சு, ஏத்துறியா தலையை எடுக்கவான்னு சத்தம் போடணும். அவுக பயந்த மாதிரி எறங்கித் தூக்கி ஏத்துவாக. அம்புட்டுத்தான். நேரா ஆஸ்பத்திரி.

மதினிகிட்டகூட மூச்சு விடாத. நாங்களும் முனியசாமிக்குச் சொல்லல. அவன் வாய்ல எதுவும் நிக்காது. முனை மழுங்குன பழைய அருவாளா எடுத்துக்க அண்ணே.

பொன்னுமணி


மேல்லயம்
16.3.1979

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். நானும் மதினியும் இருக்கோம். அய்யா உசுரோட இருக்காரு.

மாப்ளைக்கு இம்புட்டு மூளை இருக்கும்னு நான் நெனைக்கல. போன கடுதாசியில கண்டபடி எழுதுனதுக்கு மன்னிக்கணும்னு அவருகிட்ட சொல்லு. உன்னை அடிச்சதுக்கு வேற ஒரு நாளைக்குப் பேசிக்கிறேன். பழைய அருவாளைத் தேடிப் பார்த்தேன், காணல. ஏலச்செடித் தட்டை வெட்டுற கூரு அருவா ஒண்ணு இருக்கு. காட்டத்தானே போறோம், எதா இருந்தா என்ன.

அய்யாகிட்ட ஒண்ணும் சொல்லல. இருபத்தி ஒண்ணாந்தேதி மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நில்லு. அய்யாவுக்கு ஒரு வேட்டி கொண்டா.

திருப்பதி


(ஊர் போடல)
4.4.1979

தங்கச்சிக்கு. நான் கேரளாப் பக்கம் ஒரு தோட்டத்துல மரம் வெட்டிக்கிட்டு இருக்கேன். உறையில எழுதியிருக்குற சாயாக்கடைக்குப் போட்டா என் கைக்கு வரும். நீ எப்படி இருக்கன்னு கேக்கவே பயமா இருக்கு.

என்ன நடந்துச்சுன்னு எனக்கே முழுசா வெளங்கல. சொன்னபடி மறிச்சேன். அருவாளை வச்சேன். மாப்ளை கண்ணைச் சிமிட்டுனாரு, நான் பார்த்தேன். கத்துனேன். அவரும் எறங்கி அய்யா பக்கம் வந்தாரு. அப்ப பின்னாடி இருந்து மண்டையில ஒரே போடு. ஜாக்கிக் கம்பி. விழுந்தவன் மேல மறுபடி முதுகுல, தோள்ல. அண்ணன் கழுத்துலயாடா வைக்கிறன்னு கேட்டப்பத்தான் முனியசாமின்னு தெரிஞ்சுச்சு. அவன் அந்த வண்டியில இருப்பான்னு யாரு சொன்னா? கண்ணு பூராவும் ரத்தம். அடுத்த அடி விழுந்தா செத்தேன்னு நெனைச்சு வீசுனேன். தொடையில எறங்கிருச்சு. பம்புசெட்டுத் தண்ணி மாதிரி அடிச்சுச்சு பொன்னுமணி. வண்டியில இருந்த ஆளுக கல்லோட எறங்கி வந்தாக, நான் காட்டுக்குள்ள ஓடிட்டேன்.

முனியசாமி பொழைச்சுட்டானா? அய்யாவை ஏத்திக்கிட்டுப் போனாகளா? மாப்ளை எல்லார்கிட்டயும் நடந்ததைச் சொல்லிட்டாரா? மூணுக்கும் பதில் எழுது.

திருப்பதி


போடி ஆஸ்பத்திரி வராந்தா
15.4.1979

அண்ணனுக்கு. நான் இருக்கேன். உன் கடுதாசியைத் தபால்காரரு இங்கேயே கொண்டாந்து குடுத்தாரு.

முனியசாமி மூணாம் நாளு செத்துட்டான். ரத்தம் நின்னபாடில்ல. மாமியா என் மயித்தைப் புடிச்சு இழுத்துத் தெருவுல தள்ளிக் கதவைச் சாத்திட்டா. நெஞ்சுல மண்ணள்ளி வீசுனா. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் அன்னைக்குத் தன் அண்ணனுக்குத் தொணையா லோடு ஏத்திவிடப் போறேன்னு காலையில திடீர்னு கெளம்பிட்டான். தடுக்க முடியல, தடுத்தா ஏன்னு கேப்பான்.

அய்யாவை ஏத்தல. அதைக் கேளு. முனியசாமியை உங்க மாப்ளை ரெண்டு கையிலயும் வாரித் தூக்கி முன் சீட்டுல போட்டுக்கிட்டுப் பறந்துட்டாக. அய்யா வளைவுல ரத்தத்துக்கு நடுவுல கல்லு மேல உக்காந்தபடியே இருந்திருக்காரு. அப்புறம் லயத்துக் கெழடுக எல்லாம் எறங்கி வந்து, கம்பளியை மூங்கில்ல கட்டித் தூக்கியிருக்குக. நாலு எட்டுக்கு ஒருக்கா கீழ வச்சு, ஆளு மாத்தி, மறுபடி தூக்கி. மொக்கம்மா சறுக்கி விழுந்து இடுப்பு போச்சு. பஸ்சு ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு. ஒரு வெளியூரு விறகு லாரிக்காரரு எறங்கித் தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாரு. இங்க டியூபை மாத்திட்டாங்க. சீழ் உள்ள ஏறிருச்சுங்கிறாங்க. காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது.

உங்க மாப்ளை வாயைத் திறக்கல. வழிமறிச்சு வெட்டிட்டான்னு மட்டும் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்காக. சத்தியத்தை நாம ஏமாத்துனது வெளிய தெரிஞ்சா, முனியசாமி உசுரைக் கருப்பன் எடுத்தது நம்மாலதான்னு ஊரே சொல்லும்னு அழுகுறாக. நான் நேருக்கு நேரா கேட்டேன்.

"உங்க தம்பியைத் தூக்கி ஏத்துறப்ப அந்தச் சத்தியம் எங்க போச்சு?"

அவுக என்னை அடிக்கல. சுவத்துல தலையை மோதிக்கிட்டாக.

நீ அங்கேயே இரு. அவுக சித்தப்பா மக்க அருவாளைத் தீட்டி வச்சுக்கிட்டு அலையிறாக.

பொன்னுமணி


22.4.1979

தங்கச்சிக்கு. முனியசாமி செத்ததைப் படிச்சுட்டு ரெண்டு நாளா வேலைக்குப் போகல. அந்தப் பய என் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன். அவனை வெட்டணும்னு எனக்கு என்ன இருக்கு?

ஆனா ஒண்ணு. நான் கொலைகாரன் இல்ல. வரச் சொன்னது உன் புருசன், கடுதாசி போட்டது நீ, மறிச்சது நான். மூணு பேரு செஞ்சதுக்கு ஒருத்தன் தூக்குல தொங்கணுமா? அவரு சொல்ல மாட்டார்னா நீ சொல்லு. அய்யாவைக் கல்லு மேல விட்டுட்டுப் போனவன் பக்கமா நீ? அண்ணன் பக்கமா? எழுது.

திருப்பதி


30.5.1979

பொன்னுமணி, ஒரு மாசத்துக்கு மேலாச்சு. தெனமும் சாயாக்கடையில போயி நின்னு கேக்குறேன். அய்யா எப்படி இருக்காருன்னாவது எழுதக் கூடாதா? வர்ற ஞாயித்துக்கெழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நானே எறங்கி வர்றேன். உன் புருசன் வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெரியும். இந்தத் தடவை காட்டுறதுக்கு அருவாளைக் கொண்டார மாட்டேன்.

திருப்பதி


மேல்லயம்
2.6.1979

அண்ணனுக்கு பொன்னுமணி. உன் வீட்டுல, மதினி பக்கத்துல உக்காந்து எழுதுறேன். மதினி சொகம். மனசைத் தேத்திக்கிட்டுப் படி.

அய்யா ஆஸ்பத்திரியிலேயே செத்துப் பதிமூணு நாளாச்சு. உனக்குச் சொல்லி விடல. வேணும்னேதான் சொல்லல. அப்பனுக்குக் கொள்ளி வைக்க மகன் வந்துதான் ஆகணும்னு உங்க மாப்ளையோட சித்தப்பா மக்க சாக்குக்குள்ள அருவாளோட போடி சுடுகாட்டுல காத்துக் கெடந்தாக. உங்க மாப்ளையும் அவுகளோட உக்காந்திருந்தாக. பங்காளிக எல்லாம் மகன் வரட்டும், மகன் வரட்டும்னு உச்சி வெயில் வரைக்கும் பொணத்தைப் போட்டுட்டாக. நான் கொடத்தைத் தூக்கித் தோள்ல வச்சேன். பொம்பளை என்னடி சுடுகாட்டுலன்னு ஒருத்தன் கையை முறுக்குனான். அவன் கையைக் கடிச்சுட்டேன். கொள்ளி நான்தான் வச்சேன். நீ என்னை மன்னிக்கணும்.

அந்த ஈரச் சேலையோட நேரா ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவருக அத்தனை பேரும் இருந்தாக. என் பின்னாடியே உங்க மாப்ளையும் சித்தப்பா மக்களும் வந்துட்டாக. தட்டுல கற்பூரத்தைக் கொளுத்தி எல்லாத்தையும் சொன்னேன். அருவா யோசனை யாரோடதுன்னு, யாரு கடுதாசி போட்டான்னு, முனியசாமியைத் தூக்கி ஏத்துன கை யாரோடதுன்னு. சித்தப்பா மக்க என்னைக் கீழ தள்ளி மிதிச்சாக. விலா ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, இப்பவும் மூச்சு விட்டா குத்துது. தட்டை மட்டும் விடல. எந்திரிச்சு அவுக முன்னாடி நீட்டுனேன்.

"நான் சொன்னது பொய்யின்னா அணைங்க."

அவுக கையைத் தூக்குனாக. கொண்டுவந்தாக. அப்படியே நின்னுட்டாக. கற்பூரம் எரிஞ்சு தானா அணைஞ்சு தட்டு கறுத்துப்போற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே டிரைவருக கோயிலுக்குப் போயி சத்தியத்தை முறிச்சுட்டாக. ஒருத்தன் மீறி ஒரு உசுரும் போயாச்சு, இனி இதை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு பேசிக்கிட்டாகளாம். எனக்குப் போக எடம் இல்ல, மதினிகிட்ட வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில லயத்துக்கு ஜீப்பு வந்துச்சு. எறங்குனது உங்க மாப்ளை. இடுப்பு ஒடிஞ்சு கெடக்குற மொக்கம்மாளைக் கம்பளியோட தூக்கிட்டு வந்து முன் சீட்டுல வச்சாக. அவ வலியில அவுக தோளைக் கடிச்சுட்டா. அப்புறம் என்கிட்ட வந்து உன் அண்ணன் எங்கன்னு கேட்டாக.

நான் சொல்லிட்டேன். அதுக்கு அவுக, எங்க சித்தப்பன் மக்களும் அவன் இருக்குற பக்கத்தை மோப்பம் புடிச்சுட்டானுக, நான் முந்திக்கிறேன், அவனைப் போடி ஸ்டேசன்ல ஒப்படைச்சு அருவாளைக் கொண்டாரச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுக்குறேன்னு சொன்னாக. நெசமா இருக்கும்னு நம்புறேன். நம்பாம என்ன செய்ய? செத்தவன் அவுக கூடப்பொறந்த தம்பி. சீட்டுக்கு அடியில என்ன வச்சிருக்காகன்னு நான் குனிஞ்சு பார்க்கல. எனக்குத் தைரியம் வரல.

அதனால இதைத் தபால்ல போடல. அவுக கையிலயே குடுத்து விடுறேன். மொக்கம்மாளை ஆஸ்பத்திரியில எறக்கிட்டு நேரா அங்க வருவாக. நீ இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் உன் முன்னாடிதான் நிப்பாக. அண்ணே, வண்டியில ஏறிக்க.

தங்கச்சி
பொன்னுமணி